பழைய வானொலியின் உறுமல்: காதால் கேட்டு மின்வழங்கியைத் திருத்துதல்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அரை அலைதிருத்தி, முழு அலைதிருத்தி இரண்டையும் நன்றாகவே வரைகிறார்கள். பயனுறுதிறன் 40.6 விழுக்காடு, 81.2 விழுக்காடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வெளியீட்டு அலைவடிவத்தின் மேல் மிச்சமாக நிற்கும் அந்த மேடுபள்ளம் காதுக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். பழைய வானொலிப் பெட்டி ஒன்றை இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று வகுப்பு முழுக்கக் கேட்கும். அந்த உறுமலைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால் குறைகடத்தி எலக்ட்ரானியல், மாறுதிசை மின்னோட்டம், மின்காந்தத் தூண்டல் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் நடத்திவிடலாம். ஓசூர் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியில் அப்படிச் செய்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெட்டி வந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. “சார், இது எங்க தாத்தாவோட ரேடியோ. கரன்ட் குடுத்தா கத்துது. கண்காட்சியில வைக்கலாமா?” என்று மாணவி ஒருவர் கொண்டுவந்தார். அஞ்சல் நிலையத்தில் ஆண்டுக்கட்டணம் கட்டி முத்திரை பெற்ற வானொலி உரிமப் புத்தகமும் கூடவே வந்தது. மாணவர்களுக்கு வானொலியைவிட அந்தப் புத்தகம்தான் பெரிய வியப்பு.

அது ‘டிரை பேட்டரி செட்’ என்று அந்நாளில் அழைக்கப்பட்ட வால்வு வானொலி. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கென்றே 1950களில் இவ்வகைப் பெட்டிகள் பரவின. இதற்கு இரண்டு மின்னழுத்தங்கள் தேவை. வால்வுகளின் நேர்மின்வாய்களுக்கு 90 வோல்ட். மின்னிழைகளைச் சூடேற்ற ஏறத்தாழ 1.4 வோல்ட். இரண்டையும் தரும் உலர் மின்கலப் பெட்டிகள் அன்று கடைகளில் கிடைத்தன. இன்று கிடைப்பதில்லை. ஊருக்கு மின்சாரம் வந்த பிறகு யாரோ ஒருவர் மின்கலத்துக்குப் பதிலாக ஒரு தகரப் பெட்டியைச் செய்து கொடுத்திருக்கிறார். ஊர்ப்பக்கம் எலிமினேட்டர் என்பார்களே, அதுதான்.

அந்தத் தகரப் பெட்டியைத் திறந்ததும் முதல் பாடம் கிடைத்தது. உள்ளே மின்மாற்றியே இல்லை. 230 வோல்ட்டிலிருந்து நேராக ஒரு பெரிய மின்தடை, ஒரு டையோடு, 8 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று. அவ்வளவுதான். மின்னிழைக்கு மட்டும் தனியாக ஒரு டார்ச் செல். இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கம் திருப்பிச் செருகினால் வானொலியின் உலோகச் சட்டம் முழுக்க மின்சாரம் பாயும். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. குமிழ் கழன்ற தண்டைத் தொட்டு அந்தத் தாத்தா இத்தனை ஆண்டு நிலையம் மாற்றியிருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மாணவர்கள் கொண்டுவரும் எந்தப் பழைய மின்வழங்கியையும் செருகுவதற்கு முன் திறந்து, மின்மாற்றி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் திருத்த வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். உறுமலைக் குறைப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். 90 வோல்ட் பக்கம் முழுவதும் என் பொறுப்பு. மாணவர்கள் பார்க்கலாம், கேட்கலாம், கணக்கிடலாம், தொடக்கூடாது. அவர்கள் கையால் செய்து பார்க்க வேறொரு மேசை. அதில் ஆறு செல் போடும் 9 வோல்ட் டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றும், 230 வோல்ட் பக்கம் வெளியே தெரியாதபடி பெட்டிக்குள் மூடப்பட்ட 6 வோல்ட் மின்மாற்றி ஒன்றும் இருந்தன.

உறுமல் என்றதும் ‘பெரிய கெப்பாசிட்டராப் போடு’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் மருந்து. பாதி நேரம் அது பலிக்கும். மீதிப் பாதியில் காசு வீண், உறுமல் அப்படியே இருக்கும். ஏனென்றால் உறுமல் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எங்கிருந்து வருகிறது என்பதை அதன் சுருதியே சொல்லிவிடும்.

முதலில் அமைதி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். பத்து 9 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட். மின்னிழைக்கு டி அளவு செல் ஒன்று. இப்படி மின்கலத்திலேயே வானொலியை இயக்கியபோது நிலையங்களுக்கு இடையே காற்றிரைச்சல் மட்டும் கேட்டது, உறுமல் இல்லை. ஆக, குற்றவாளி வானொலி அல்ல. மின்கலத்திலும் ஒலி சரியாக வராமல் ஊளையிட்டால், பெட்டிக்குள் இருக்கும் பழைய மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்து போயிருக்கலாம்; அப்போது மின்வழங்கியில் எதை மாற்றியும் பயனில்லை. பத்து மின்கலங்களுக்குச் செலவாகிறதே என்று தோன்றலாம். ஆனால் இந்த ஒரு சோதனை பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்துகிறது. பிறகு அந்த மின்கலங்களை மல்டிமீட்டர்களுக்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

அடுத்தது சுருதி. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அரை அலைதிருத்தியில் மின்தேக்கி நொடிக்கு 50 முறை நிரம்புகிறது. முழு அலைதிருத்தியில் 100 முறை. ஆகவே அரை அலையின் சிற்றலை 50 ஹெர்ட்ஸில் தொடங்கி 100, 150 என்று அதன் மடங்குகளையும் தரும். முழு அலையில் 100, 200, 300. காதால் பிரித்தறிய முடியாதவர்களுக்குக் கைப்பேசி உதவும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலியில் ஒலி நிறமாலை பார்க்கும் வசதி உண்டு. கைப்பேசியை ஒலிபெருக்கி அருகே வைத்தால் எந்தெந்த அதிர்வெண்ணில் கோடு எழுகிறது என்று திரையில் தெரியும்.

இதற்குப் பயிற்சியாக மாணவர்களைப் பள்ளிக்கு வெளியே உள்ள மின்மாற்றிக் கம்பத்திடம் அழைத்துச் சென்றேன். வேலிக்கு வெளியே, தூரத்தில் நின்றுதான். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று தாய்மொழிகள் உள்ள வகுப்பு. எப்படிக் கேட்கிறது என்று கேட்டதற்கு மூன்று மொழிக்காரர்களும் ‘ம்ம்ம்’ என்றே ஒலித்துக் காட்டினார்கள். செயலியில் முதன்மைக் கோடு 100 ஹெர்ட்ஸில் நின்றது. “கரன்ட் 50 தானே சார்?” என்ற கேள்வி உடனே எழுந்தது. காந்தமாகும்போது இரும்பு உள்ளகம் மிகச் சிறிதளவு நீளம் மாறுகிறது. வடமுனை எந்தப் பக்கம் என்பது அதற்குப் பொருட்டல்ல. ஒரு சுற்றில் இருமுறை காந்தமாவதால் இருமுறை அதிர்கிறது. சிப்காட்டில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை செய்யும் ஒரு மாணவரின் தந்தை, தகடுகள் தளர்ந்திருந்தால் சத்தம் கூடும், அதனால்தான் வார்னிஷில் முக்கி எடுப்போம் என்று சொல்லியனுப்பினார். ஒலிபெருக்கியைக் கழற்றிய பிறகும் உறுமல் கேட்டால் அது இந்த வகை. சுற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மின்மாற்றியின் திருகுகளை முடுக்கி, அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் போதும்.

இனி கணக்கு. தாத்தாவின் வானொலி 90 வோல்ட்டில் எடுத்துக்கொண்டது சுமார் 10 மில்லி ஆம்பியர். சிற்றலையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு, மின்னோட்டத்தை அதிர்வெண்ணாலும் மின்தேக்குத்திறனாலும் வகுத்தால் கிடைக்கும். பழைய தகரப் பெட்டியில் 0.01 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ், 8 மைக்ரோ ஃபாரட். விடை 25 வோல்ட்! தொண்ணூறு வோல்ட் தேவைப்படும் இடத்தில் 25 வோல்ட் மேலும் கீழும் ஆடினால் கத்தாமல் என்ன செய்யும்?

நான்கு டையோடுகள் கொண்ட பால அலைதிருத்திக்கு மாறி, 47 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் போட்டால் அதே கணக்கு 2.1 வோல்ட் தருகிறது. மல்டிமீட்டரில் பார்க்க விரும்பினால், மாறுதிசை அளவுகோலில் வைத்து, முனையோடு தொடராக 400 வோல்ட் தாங்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டர்கள் பல, நேர்திசை மின்னழுத்தத்தையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். இரம்பப்பல் வடிவ அலைக்கு 2.1 வோல்ட் உச்சி வேறுபாடு என்றால் மீட்டரில் சுமார் 0.6 வோல்ட் வர வேண்டும். எங்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது. மின்தேக்கி நிரம்பும் சிறு நேரத்தைச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அது எப்போதும் கொஞ்சம் கூட்டியே சொல்லும்.

மாணவர் மேசையில் இதையே ஆபத்தில்லாமல் கேட்கலாம். டிரான்சிஸ்டர் வானொலி 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அரை அலையும் 470 மைக்ரோ ஃபாரட்டும் 2.1 வோல்ட் சிற்றலை தரும். பாலத்துக்கு மாற்றினால் அது பாதியாகும். 2,200 மைக்ரோ ஃபாரட் போட்டால் 0.23 வோல்ட். இங்கே ஒரு சுவையான குழப்பம் நேர்ந்தது. பாலத்துக்கு மாற்றியதும் ஒரு மாணவர், “குறையல சார், கூடின மாதிரி இருக்கு” என்றார். அவர் காதில் பிழையில்லை. சிற்றலை பாதியானது உண்மை. ஆனால் அதன் முதன்மை அதிர்வெண் 50-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. 50 ஹெர்ட்ஸைச் சிறிய ஒலிபெருக்கியால் சரியாக ஒலிக்க முடியாது. நம் காதும் அந்த அதிர்வெண்ணில் மந்தம். 100-ல் இரண்டுமே சற்றுத் தேறிவிடுகின்றன. அளவீடும் காதும் வேறு வேறு விடை சொல்லும் இந்த இடத்தில் அரைப் பாடவேளை செலவழிப்பது தகும்.

2.1 வோல்ட்டை இன்னும் குறைக்க வேண்டும். பெரிய மின்தேக்கி போடுவதைவிட, மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த வடிப்பான் படிகளைச் சேர்ப்பது மலிவு. 47 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் மின்மறுப்பு 100 ஹெர்ட்ஸில் சுமார் 34 ஓம். அதன் முன்னே 470 ஓம் மின்தடையை வைத்தால் சிற்றலை ஏறத்தாழ 14-இல் ஒரு பங்காகும். நான் மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது: இரண்டு மின்தடைகளும் இரண்டு மின்தேக்கிகளும் கையில் உள்ளன. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படியாக, அதாவது 940 ஓம், 94 மைக்ரோ ஃபாரட் என்று அமைப்பதா, இரண்டு படிகளாக அமைப்பதா? பெரும்பாலோர் இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஒரே படியில் 940-ஐ 17-ஆல் வகுக்க, 55 மடங்கு குறைகிறது. இரண்டு படிகளில் 14 பெருக்கல் 14, கிட்டத்தட்ட 190 மடங்கு. அதே பொருள்கள், அதே 9.4 வோல்ட் இழப்பு. பலன் மூன்றரை மடங்கு. 2.1 வோல்ட் 11 மில்லி வோல்ட்டாக இறங்கியது. முதல் ஒலிப்பெருக்க வால்வுக்குச் செல்லும் இணைப்பைக் கடைசிப் படியிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே நுழையும் உறுமலை அடுத்த வால்வு பெருக்கிவிடும்; கடைசி வால்வில் நுழைவதைப் பெருக்க யாரும் இல்லை.

90 வோல்ட்டுக்கு மின்மாற்றி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சாதாரணக் கடை மின்மாற்றிகள் இரண்டை முதுகோடு முதுகாக இணைத்தேன். முதலாவது 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும். அந்த 9 வோல்ட்டை 12-0-12 மின்மாற்றியின் இரு ஓர முனைகளுக்குக் கொடுத்தால், அதன் 230 வோல்ட் சுருளில் கணக்குப்படி 86 வோல்ட் வரும்; இழப்பு போக எங்களுக்கு 75 வோல்ட் அளவில் கிடைத்தது. திருத்தி வடித்த பிறகு 90-ஐ ஒட்டி நின்றது. வீட்டு மின்சாரத்துக்கும் வானொலிக்கும் இடையே இரட்டைத் தடுப்பும் ஆயிற்று.

மின்னிழை விஷயம் தனி. வீட்டு மின்சாரத்தில் ஓடும் வால்வு வானொலிகளில் சூடேற்றும் இழை வேறு, எதிர்மின்வாய் வேறு, அதனால் 6.3 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்திலேயே சூடேற்றலாம். டிரை பேட்டரி வால்வுகளில் இழையே எதிர்மின்வாய். இழையில் ஆடும் எதுவும் நேராக ஒலியில் கலந்துவிடும். எங்கள் பெட்டியில் டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96 என்ற நான்கு வால்வுகள். மின்னிழைகளுக்கு மொத்தம் 125 மில்லி ஆம்பியர்தான். இதற்கு மின்னணுச் சீராக்கி கட்டலாம். ஆனால் அது பழுதாகி மின்னழுத்தம் ஏறினால் நான்கு வால்வுகளும் ஒரே நொடியில் போய்விடும். அவற்றை இன்று யாரும் உற்பத்தி செய்வதில்லை. என் பரிந்துரை, டி அளவு ஆல்கலைன் செல் ஒன்று. கண்காட்சி நாள்களைத் தாராளமாகத் தாண்டும், உறுமலும் பூச்சியம். 90 வோல்ட்டுக்கும் 1.5 வோல்ட்டுக்கும் மாற்றிச் செருக முடியாத வேறு வேறு பிளக்குகளை வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திரையில் 50 ஹெர்ட்ஸில் ஒரு கோடு நின்றது. பால அலைதிருத்தியின் சிற்றலை 100-ல் அல்லவா தொடங்க வேண்டும்? இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, நான்கு டையோடுகளில் ஒன்று திறந்துபோய், பாலம் அரை அலைதிருத்தியாகிவிட்டிருக்கலாம். சோதித்தேன், நான்கும் நலம். மற்றொன்று, மின்மாற்றியிலிருந்து கசியும் காந்தப்பாயம் வானொலிக்குள் உள்ள வெளியீட்டு மின்மாற்றியில் மின்னழுத்தத்தைத் தூண்டுவது. மின்வழங்கிப் பெட்டியை வானொலிக்கு அருகே வைத்து மெல்லத் திருப்பச் சொன்னேன். ஒரு நிலையில் கோடு உயர்ந்தது. 90 பாகை திரும்பியபோது தாழ்ந்தது. அரை மீட்டர் தள்ளி வைத்ததும் மறைந்தது. தூண்டல் பாடத்தில் கோணத்தின் கொசைனை எதற்குப் போடுகிறோம் என்று இனி அந்த வகுப்புக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த உறுமலுக்கு எத்தனை மின்தேக்கி போட்டாலும் அசையாது. மின்கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கிவிடுவதும் இதற்கு உதவும்.

கம்பி இணைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அலைதிருத்தி முதல் மின்தேக்கியை நிரப்புவது தொடர்ச்சியாக அல்ல, சிறு சிறு வெடிப்புகளாக. சராசரி 10 மில்லி ஆம்பியர் என்றாலும் அந்த வெடிப்பின்போது பல மடங்கு பாயும். அது திரும்பிச் செல்லும் கம்பியிலேயே வானொலியின் எதிர்முனையையும் கட்டினால், வடித்துச் சுத்தமாக்கியதை மறுபடி அழுக்காக்குவதாகும். வானொலிக்குச் செல்லும் இரு கம்பிகளையும் கடைசி மின்தேக்கியின் கால்களிலிருந்தே எடுங்கள். செலவில்லாத திருத்தம் இது; அதனாலேயே பலரும் கவனிப்பதில்லை.

பாதுகாப்புக்கு இரண்டு. மின்தேக்கிகள் 160 வோல்ட் தாங்குவனவாக இருக்கட்டும். கடைசி மின்தேக்கிக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பற்றவையுங்கள். மூன்று மின்தேக்கிகளிலும் தேங்கிய மின்னூட்டம் ஒன்றேகால் நிமிடத்தில் வடிந்துவிடும். அதன் பிறகும் மீட்டரால் அளந்து பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

கைப்பேசி சார்ஜரை வைத்து எளிதாக முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் இருக்காதுதான். ஆனால் உள்ளே உயர் அதிர்வெண்ணில் திறந்து மூடும் சுற்று மத்திய அலை முழுவதும் கரகரப்பைத் தூவும். தொழிற்சாலைகள் நெருங்கிய எங்கள் பகுதியில் அந்த வகை இரைச்சல் ஏற்கெனவே வேண்டிய அளவு உண்டு.

கடைசியாக ஒரு விசித்திர உறுமல் மிஞ்சியது. நிலையங்களுக்கு இடையே அமைதி. ஆனால் பெங்களூரு ஆகாசவாணியின் 612 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைக் கொண்டுவந்ததும் பாட்டோடு சேர்ந்து ‘ம்ம்ம்’ தலைகாட்டியது. ஒலியளவைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. ஓசூரில் அந்த நிலையத்தின் அலை வலுவாகவே கிடைக்கிறது. வீட்டு மின்கம்பிகள் அதைப் பிடிக்கின்றன. மின்வழங்கியின் டையோடுகள் நொடிக்கு 100 முறை திறந்து மூடும்போது அந்த வானொலி அலைக்கும் வழி திறந்து மூடுகிறது. இப்படி 100 ஹெர்ட்ஸில் பண்பேற்றம் பெற்ற அலை மறுபடி வானொலிக்குள் நுழைகிறது. பழைய வானொலிப் பழுதுபார்ப்போருக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். மருந்து, நான்கு டையோடுகளுக்கும் குறுக்கே ஆளுக்கொரு 0.01 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கி. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் 1 கிலோ வோல்ட் ‘103’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 10-க்குப் பின் மூன்று பூச்சியம், அதாவது 10,000 பிக்கோ ஃபாரட், அதுதான் 0.01 மைக்ரோ ஃபாரட் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.